ஸ்டீரிங்கைப் பிடிக்கிறவர் சொன்னால் கேளுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். பிக்கப் வண்டி வைத்திருப்பவர்கள், அடுத்தவர் வண்டியைச் சம்பளத்துக்கு ஓட்டுபவர்கள், பட்டறை நடத்துபவர்கள் என்று நம் வட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டை நம்பிப் பிழைக்கிற ஊர்க்காரர்கள் நாம். வீட்டுக்கொரு ஆள் ஏதாவது ஒரு விதத்தில் சரக்கு வண்டியோடு சம்பந்தப்பட்டிருப்பதில் ஆச்சரியமில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். பிக்கப்பின் முன்பக்க சாமான்கள் தேய்ந்து ஸ்டீரிங் ஆடத் தொடங்கினால், அதை எப்போது மாற்றுவது என்பதைப் பணம் கொடுக்கிறவர் மட்டும் முடிவு செய்யக் கூடாது. ஓட்டுகிறவர் "ஆடுது" என்று சொன்ன அன்றைக்கே வண்டியை ஜாக்கில் தூக்கிப் பார்க்க வேண்டும். தேய்ந்திருந்தால் அடுத்த லோடுக்கு முன் மாற்றிவிட வேண்டும். "அடுத்த எஃப்.சி.க்குப் பார்த்துக்கலாம்" என்கிற பேச்சே வரக் கூடாது.

"வாத்தியாருக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்?" என்று சிலர் கேட்கலாம். கேட்டும் இருக்கிறார்கள். நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்த இடைநிலை ஆசிரியர்தான். இன்ஜினீயர் அல்ல. ஆனால் நெம்புகோலும் உராய்வும் வருஷக்கணக்காக உங்களுக்கு நடத்தியவன். ஓய்வு பெற்ற பிறகு, சாயங்காலம் டீ குடித்துவிட்டு நம் பழைய மாணவர் ஒருவரின் பட்டறையில் உட்கார்ந்திருப்பது என் வழக்கம். அங்கே கழற்றிப் போட்ட பழைய சாமான்களைக் கையில் எடுத்துப் பார்த்தாலே பாதிப் பாடம் புரிந்துவிடும்.

ஆறாம் வகுப்பில் உடலில் உள்ள மூட்டுகள் படித்தது நினைவிருக்கிறதா? தோளில் இருப்பது பந்துக் கிண்ண மூட்டு. ஒரு கிண்ணத்துக்குள் ஒரு பந்து. அதனால்தான் கை எல்லாப் பக்கமும் சுழல்கிறது. பிக்கப்பின் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் பால் ஜாயிண்ட்டும் அதேதான். சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறவும் வேண்டும், இடது வலது திரும்பவும் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து இடம் கொடுப்பது அந்த மூட்டு. ஸ்டீரிங்கைத் திருப்பும்போது சக்கரத்தைத் தள்ளியும் இழுத்தும் திருப்புகிற கம்பிதான் டை ராட். அதன் நுனியில் உள்ள டை ராட் எண்ட்டிலும் ஒரு சிறிய பந்துக் கிண்ண மூட்டு இருக்கிறது. சக்கரத்தைச் சேஸியோடு இணைக்கும் ஆர்ம் அசைகிற இடத்தில் ரப்பர் புஷ் இருக்கிறது. முன்பக்கம் லீஃப் பட்டையும் ஒரே அச்சும் உள்ள வண்டிகளில் பால் ஜாயிண்ட்டுக்குப் பதில் கிங் பின்னும் அதன் புஷ்ஷும் இருக்கும். பெயர் மாறினாலும் வேலை ஒன்றுதான்.

இவை எப்படிக் கெடுகின்றன? ஒவ்வொரு மூட்டின் மேலும் ஒரு ரப்பர் கவர் இருக்கிறது. உள்ளே கிரீஸ் இருக்கிறது. கவர் கிழிந்தால் மழைத் தண்ணீரும் மண்ணும் உள்ளே போகின்றன. அதன் பிறகு அந்தக் கிரீஸ் கிரீஸாக இருப்பதில்லை, மணல் கலந்த உரைதாள் வேலை செய்கிறது. பந்தும் கிண்ணமும் ஒன்றையொன்று அரைத்துத் தின்கின்றன. முதலில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி. அப்புறம் பள்ளத்தில் 'டக் டக்' சத்தம். பிறகு வேகத்தில் ஸ்டீரிங் நடுக்கம். ஒரு மூட்டில் ஆட்டம் வந்துவிட்டால் அது அடுத்த மூட்டையும் இடிக்கிறது. டயரையும் தின்கிறது. அப்போதும் கவனிக்காவிட்டால் ஒருநாள் பந்து கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிடும். டை ராட் எண்ட் கழன்றால் ஒரு சக்கரம் ஸ்டீரிங் பேச்சைக் கேட்காது. பாரம் தாங்குகிற கீழ் பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரமே சாய்ந்து படுத்துவிடும். பிரேக் குறைந்தால் கியரை இறக்கி வண்டியைக் கொஞ்சமாவது கட்டுப்படுத்தப் பார்க்கலாம். ஸ்டீரிங் போனால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

பாச்சலூர் மலைப்பாதையில் மலைவாழையும் சௌசௌவும் ஏற்றிக்கொண்டு இறங்கும் வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இதில் பாரத்துக்கும் பங்கு உண்டு. மயிலிறகேயானாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் 'வலியறிதல்' அதிகாரத்தில் சொன்னதை உங்களில் பலருக்கு மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். நாம் ஏற்றுவதோ மயிலிறகு அல்ல, வெங்காய மூட்டை. கூடுதல் பாரம் தாங்குவதற்காகப் பின்பக்கம் கூடுதல் பட்டை போட்டால் வண்டியின் பின்புறம் உயர்ந்து முகம் கவிழ்கிறது. முன்சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு, அதாவது காஸ்டர், மாறிவிடுகிறது. திருப்பிய ஸ்டீரிங் தானாக நேருக்கு வருவதற்கும், வண்டி நேர்ப்பாதையில் அலையாமல் போவதற்கும் காரணம் அந்தச் சாய்வுதான். பின் அச்சுக்கும் பின்னால் பாரத்தைக் குவித்தால் முன்சக்கரங்களின் பிடி குறைந்து ஸ்டீரிங் லேசாகிவிடும். இவற்றோடு தேய்ந்த மூட்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இவை எல்லாவற்றையும் முதலில் உணர்வது யார்? ஸ்டீரிங்கைப் பிடித்திருக்கும் கை. முதலாளியின் கணக்கு நோட்டில் இது வராது. எஃப்.சி. சோதனையும் இதற்குப் போதாது. சரக்கு வண்டிக்கு எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, அதன் பின் வருஷத்துக்கு ஒரு முறைதான் தகுதிச் சான்று. அன்றைக்கு வண்டி நன்றாக இருந்தது என்பதற்குத்தான் அது அத்தாட்சி. போன வாரம் கிழிந்த ரப்பர் கவர் அடுத்த எஃப்.சி. வரை காத்திருக்குமா?

இப்போது இதை எழுதக் காரணமான விஷயத்துக்கு வருகிறேன். என் அக்கா மகனிடம் இரண்டு பிக்கப் இருக்கிறது. அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஒரு வண்டியின் டிரைவர் என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவர். இரண்டு மாதமாக "ஸ்டீரிங் ஆடுது, இடப்பக்கம் இழுக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். மருமகன் ஒரு முறை வீல் அலைன்மெண்ட் செய்து கொடுத்தான். பத்து நாளில் மறுபடியும் இழுத்தது. அப்புறம் அவன் என்னிடம் சொன்ன வார்த்தை இது: "மாமா, டிரைவருக்கும் பட்டறைக்கும் கமிஷன் இருக்கும். ஒரு சத்தம்னு போனா ஆறு சாமான் மாத்தணும்பாங்க. உங்களுக்குத் தெரியாது."

சிக்கல் இங்கேதான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பணம் இல்லாததால் மட்டும் வேலை தள்ளிப்போவதில்லை. நம்பிக்கை இல்லாததாலும் தள்ளிப்போகிறது. அவனை நான் முழுக்கக் குறை சொல்லவில்லை. மாதத் தவணை, டீசல், சுங்கம், டயர் என்று நாலு பக்கமும் செலவு. வாடகை ஏறவில்லை. தேவையில்லாத சாமானை மாற்றச் சொல்லும் பட்டறைகளும் உண்டு. ஆனால் அந்தச் சந்தேகத்துக்கு விலை கொடுப்பது யார்? தினமும் விடியற்காலையில் அந்த வண்டியை மலையிலிருந்து இறக்குகிற பையன். அவன் வீட்டில் இரண்டு பிள்ளைகள்.

நான் சொன்னேன்: "அவன் சொல்றதை நம்ப வேண்டாம், பட்டறைக்காரர் சொல்றதையும் நம்ப வேண்டாம். நீயே வந்து கையால ஆட்டிப் பாரு." ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். ஐந்து நிமிஷ வேலை. முதலாளிகள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

1. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். ஜாக்கில் தூக்கியதும் ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். வெறும் ஜாக்கை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

2. காயில் ஸ்பிரிங் கீழ் ஆர்மின் மேல் உட்கார்ந்திருக்கும் வண்டியில், ஜாக்கைக் கீழ் ஆர்முக்கு அடியில், சக்கரத்தை ஒட்டி வைக்க வேண்டும். சேஸியில் வைத்தால் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் மூட்டு இறுகி நின்று, தேய்மானத்தை மறைத்துவிடலாம்.

3. கடிகாரத்தில் 12, 6 இருக்கும் இடங்களில் டயரைப் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பால் ஜாயிண்ட்டோ கிங் பின்னோ வீல் பேரிங்கோ காரணம். ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். நிற்காவிட்டால் மூட்டு.

4. 9, 3 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் டை ராட் எண்ட்டையும் ஸ்டீரிங் இணைப்புகளையும் பார்க்க வேண்டும்.

5. வண்டியை இறக்கி, சக்கரங்கள் தரையில் இருக்கும்போது ஒருவர் ஸ்டீரிங்கை இடமும் வலமும் கொஞ்சமாக அசைக்க, இன்னொருவர் ஒவ்வொரு மூட்டையும் பார்க்க வேண்டும். கம்பி அசைந்த பிறகு கொஞ்சம் தாமதித்து அடுத்த பாகம் அசைந்தால் அங்கேதான் தேய்மானம்.

மருமகன் டயரை ஆட்டினான். இடப்பக்கக் கீழ் பால் ஜாயிண்ட் 'கடக் கடக்' என்றது. டை ராட் எண்ட் இரண்டிலும் ஆட்டம் இருந்தது. இடது ஆர்மின் ரப்பர் புஷ் வெடித்துக் கிடந்தது. வலப்பக்க பால் ஜாயிண்ட்டில் ஆட்டம் இல்லை, ஆனால் கவர் கிழிந்திருந்தது. அவன் முகம் மாறிவிட்டது. டிரைவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. அன்றைக்கு வண்டி லோடுக்குப் போகவில்லை.

முதலில் செய்த அலைன்மெண்ட் ஏன் நிற்கவில்லை என்பதும் அப்போதே தெளிவாகிவிட்டது. அலைன்மெண்ட் என்பது சக்கரங்களின் கோணத்தை அளந்து சரிசெய்வது. மூட்டு ஆடிக்கொண்டிருக்கும்போது அளந்தால், ஆடுகிற தராசில் நிறுத்த எடை மாதிரிதான். வண்டி தெருவுக்கு வந்ததும் கோணம் மாறிவிடும். தேய்ந்ததை மாற்றிய பிறகுதான் அலைன்மெண்ட். மாற்றிய பிறகு அலைன்மெண்ட் கட்டாயம். இந்த வரிசையை மாற்றினால் இரட்டைச் செலவு.

மாற்றுகிற விதத்திலும் எனக்குச் சில உறுதியான கருத்துகள் உண்டு. பட்டறைப் பிள்ளைகள் கவனிக்கவும்.

தேய்ந்த ஸ்டீரிங் பாகத்தை வெல்டு வைத்தோ, தட்டி இறுக்கியோ திரும்ப மாட்டாதீர்கள். வளைந்த டை ராட்டைச் சூடாக்கி நிமிர்த்தாதீர்கள். "தற்காலிகமா ஓடட்டும்" என்று நீங்கள் கொடுப்பதை முதலாளி நிரந்தரம் என்று எடுத்துக்கொள்வார்.

டை ராட் எண்ட்டின் கேசில் நட்டை அளவுக்கு இறுக்கியபின் ஸ்பிளிட் பின் ஓட்டை நேராக வரவில்லை என்றால், அடுத்த ஓட்டைக்கு இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டுமே தவிர தளர்த்தக் கூடாது. ஸ்பிளிட் பின் புதிதாகப் போட வேண்டும். பழையதை நிமிர்த்திப் போடுவது சில ரூபாய் மிச்சம் பிடிக்கிற வேலை, அதற்குப் பணயம் ஓர் ஆள்.

ஆர்மின் ரப்பர் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் முழுக்க இறுக்கிவிடாதீர்கள். வண்டியை இறக்கி, பாரம் சக்கரத்தின் மேல் வந்த பிறகுதான் கடைசி இறுக்கம். தொங்கும்போதே இறுக்கினால், வண்டி தரைக்கு வந்ததும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். சீக்கிரம் கிழிந்துவிடும். அப்புறம் "புது புஷ்ஷே சரியில்லை" என்று கடைக்காரரைத் திட்டுவார்கள்.

ஷாக் அப்சார்பரையும் ஸ்பிரிங்கையும் இடது வலது ஜோடியாக மாற்றுங்கள். பால் ஜாயிண்ட்டை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்பதில்லை. ஆனால் இரண்டும் ஒரே தூரம் ஓடியவை. ஒன்று போயிருந்தால் மற்றதைச் சோதிக்காமல் விடாதீர்கள். கவர் கிழிந்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. மருமகன் வண்டியில் வலப்பக்கமும் மாற்றியது அதனால்தான்.

கிரீஸ் நிப்பிள் உள்ள வண்டிகளில் குறித்த காலத்துக்குக் கிரீஸ் அடியுங்கள். கிங் பின் வண்டியில் சக்கரத்தைத் தூக்கி, பாரம் நீங்கிய நிலையில் அடித்தால் கிரீஸ் போக வேண்டிய இடத்துக்குப் போகும்.

முதலாளிகளின் சந்தேகத்துக்கும் வழி சொல்கிறேன். மாற்றும் முன் ஆட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழைய சாமானையும் புதிய சாமான் வந்த பெட்டியையும் கேட்டு வாங்குங்கள். புது பால் ஜாயிண்ட்டின் தண்டைக் கையால் அசைத்துப் பாருங்கள், இறுக்கமாக இருக்கும். பழையதை அசைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். ஆட்டம் காட்ட முடியாத சாமானை மாற்ற வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. நேர்மையான மெக்கானிக் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். "முன்பக்கம் முழுசா மாத்திடலாம்" என்று பார்க்காமலே சொல்பவரிடமும், "ஒண்ணுமில்ல, ஓட்டலாம்" என்று பார்க்காமலே சொல்பவரிடமும் வண்டியை விடாதீர்கள்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. டை ராட் எண்ட் ஒன்றின் விலையை ஒரு புது டயரின் விலையோடு வைத்துப் பாருங்கள். ஆடும் டை ராட் எண்ட்டால் சக்கரத்தின் கோணம் கெட்டு, புது டயர் ஓரம் தேய்ந்து பாதி ஆயுளில் போவதைப் பட்டறையில் அடிக்கடி பார்க்கிறேன். டயருக்குக் கணக்குப் பார்க்காமல் கொடுப்பவர்கள் மூட்டுக்குக் கணக்குப் பார்க்கிறார்கள். டயர் கண்ணுக்குத் தெரிகிறது, மூட்டு தெரியவில்லை. அவ்வளவுதான் காரணம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவு, ஆபத்தான குறையுள்ள வண்டியை ஓட்டுகிறவரை மட்டும் பிடிப்பதில்லை. ஓட்ட வைக்கிறவரையும், ஓட்ட அனுமதிக்கிறவரையும் சேர்த்துத்தான் சொல்கிறது. "எனக்குத் தெரியாது" என்பதும் அங்கே செல்லாது, சாதாரணக் கவனம் இருந்தால் கண்டுபிடித்திருக்கக்கூடிய குறையும் அதில் அடங்கும். டிரைவர் இரண்டு மாதமாகச் சொல்லியும் பார்க்காதவர், தெரியாது என்று எப்படிச் சொல்ல முடியும்?

டிரைவர் வேலை பார்க்கும் என் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். தேய்மானம் மெதுவாக வரும். மெதுவாக வருவது எதுவும் பழகிவிடும். ஸ்டீரிங் கொஞ்சம் இழுத்தால் உங்கள் கை தானாக எதிர்ப்பக்கம் பிடித்துக்கொள்ளும், ஆறு மாதத்தில் அது கோளாறாகவே தோன்றாது. ஆகவே மாதம் ஒரு முறை இன்னொரு டிரைவரிடம் கொடுத்து ஒரு சுற்று ஓட்டச் சொல்லுங்கள். முன் டயரின் இரு ஓரங்களையும் தடவிப் பாருங்கள். குறை தெரிந்தால் வாயால் மட்டும் சொல்லாதீர்கள். வாட்ஸ்அப்பில் தேதியோடு எழுதி அனுப்புங்கள், முடிந்தால் ஆட்டத்தைப் படம் பிடித்து அனுப்புங்கள். ஆடுகிற ஸ்டீரிங்கோடு மலை இறங்க மாட்டேன் என்று சொல்வது அவமரியாதை ஆகாது. அப்படிச் சொன்னதற்காக உங்களை யாராவது வேலையை விட்டு நிறுத்தினால் எனக்குச் சொல்லுங்கள். அந்த முதலாளியும் பெரும்பாலும் என்னிடம் படித்தவராகத்தான் இருப்பார். நானே போய்ப் பேசுகிறேன்.

மருமகன் இப்போது இரண்டு வண்டிக்கும் ஒரு நோட்டு போட்டிருக்கிறான். டிரைவர் சொன்ன குறை ஒரு பக்கம், பார்த்த தேதி எதிர்ப்பக்கம். சொன்ன நாளுக்கும் பார்த்த நாளுக்கும் நடுவில் எத்தனை நாள் என்பதுதான் அந்த நோட்டில் நான் பார்ப்பது. உங்கள் வண்டிக்கும் இப்படி ஒரு நோட்டு போடுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும்.

பட்டறை வைத்திருப்பவர்கள், இந்த மாதம் உங்களிடம் வந்த பிக்கப்புகளில் முன்பக்கம் எது அதிகம் தேய்ந்து வந்தது என்று கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்கு உதவும். வண்டி வைத்திருக்கும் உறவினர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிஷம் ஒதுக்கி டயரை ஆட்டிப் பாருங்கள். டிரைவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்